இல்லாத கட்டுரைக்கு ஒரு சுட்டி

1

சென்ற ஞாயிற்றுக்கிழமையோடு என் வலைப்பதிவுக்கு ஆறு வயது முடிந்தது. அதைக் கொஞ்சம் கொண்டாடலாம் என்று மனைவி ரீட்டாவிடம் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல சேத்துருவோமா?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வலைப்பதிவு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, அதில் சொந்தச் சரக்கு ஒன்றும் கிடையாது. வாரம் முழுவதும் இணையத்தில் படித்தவற்றில் ருசியாக இருந்த ஆறேழு கட்டுரைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றைப் பற்றியும் தமிழில் நாலு வரி எழுதி, கீழே மூலக் கட்டுரைக்குச் சுட்டி கொடுப்பேன். தொழில்நுட்பம், இணையதளம் கட்டுவது, வியாபாரம் செய்வது, இந்த மூன்றும்தான் என் எல்லை. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவேற்றுவேன். ஊரில் அப்போது மாலையாகியிருக்கும்.

இந்த ஆறு ஆண்டுகளில் இங்கே சொல்லாத ஒன்றை இந்தப் பிறந்தநாளில் சொல்லிவிட நினைக்கிறேன். நான் சுட்டி கொடுத்த கட்டுரைகளில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது.

2

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் அனுமந்தன்பட்டி என் ஊர். ஜெர்மானியர்கள் கணினி தெரிந்த வெளிநாட்டுக்காரர்களை வரவழைத்த காலத்தில், 2001இல், ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். வந்த வாரமே நகராட்சியில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்றொரு கட்டம் இருந்தது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அதை ஜெர்மன் மொழியில் அழுத்தமாகச் சொல்ல ஆசைப்பட்டு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்றேன். கோயிலுக்கு அங்கே கிர்ஹெ என்று பெயர். நான் கிர்ஷெ என்று சொல்லிவிட்டேன். அது செர்ரிப் பழம். ஞாயிறு தவறாமல் செர்ரிப் பழத்துக்குப் போகிறவன். எதிரே இருந்த அம்மாள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கத்தோலிக்கர் என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த மாதத்திலிருந்து அரசாங்கமே என் சம்பளத்தில் கோயில் வரியைப் பிடித்துக்கொண்டது. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "காணிக்கத் தட்டுக்கு அரசாங்கமே ஆள் போட்ருக்காகளா?" என்று ஆச்சரியப்பட்டார்.

வேலை மாற வேண்டும் என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் மறுபடி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். காலை ஆறு மணிக்குப் போய் வரிசைச் சீட்டு எடுத்து, பதினோரு மணிக்கு உள்ளே போய், ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி வருகிற இடம் அது. மூன்று முறை போய் வந்த பிறகு, இனி இந்த வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். இன்றுவரை அதே நிறுவனம், அதே மாடி, ஏறக்குறைய அதே நாற்காலி. பழைய நிரலில் எப்போதாவது கோளாறு வந்தால் நான் இருக்க வேண்டும். கோளாறு வராத நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன்.

துணிந்து வேலையை விட்டவர்கள், கார் நிறுத்தும் கொட்டகையில் கம்பெனி தொடங்கியவர்கள், தோற்று எழுந்தவர்கள் என்று அந்தப் பாதுகாப்பான நாற்காலியில் உட்கார்ந்து படித்துத் தீர்த்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ரீட்டா கேட்க மாட்டாள். மகள் ஆலிஸுக்குத் தமிழில் சொன்னால் ஜெர்மனில் பதில் வரும். ஒருமுறை பள்ளியில், அப்பாவின் வேலை பற்றி எழுதச் சொன்னார்களாம். "என் அப்பா படிக்கிறார்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய டீச்சர் என்னிடம், எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று விசாரித்தார்.

3

ஜெசிந்தா எனக்கு முதலில் எழுதியது 2006இல். உத்தமபாளையத்துக்காரி, உதவி பெறும் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர், நிரந்தரப் பணி. சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இணையதளம் கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த சென்டரின் பழைய கணினிகளில் என் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அவள் அந்தக் கட்டங்களையெல்லாம் நகலெடுத்து, எழுத்துரு மாற்றும் பக்கம் ஒன்றில் ஒட்டி, தமிழாக்கிப் படித்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக.

"அண்ணே," என்று தொடங்கியிருந்தது அந்தக் கடிதம். "வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் செய்யாதே, வேண்டாம் என்று சொல்லப் பழகு என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு இருந்தது ஒரே வாடிக்கையாளர். ஏலக்காய்க் கடைக்காரர். தன் போட்டோ முதல் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொன்னேன். அவர் போய்விட்டார். இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும்?"

மூலக் கட்டுரையை மறுபடி திறந்து படித்தேன். அதற்கு அடுத்து என்ன என்று அந்தக் கட்டுரையில் இல்லை. அதை எழுதியவர் ஏற்கெனவே பணக்காரர். நான் ஒரு வாடிக்கையாளரை நேரில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் ஆசான் நாற்காலியை விட்டு இறங்க மனம் வரவில்லை. "பொறுமையாக இருங்கள், நல்ல வாடிக்கையாளர்கள் வருவார்கள்" என்று பதில் எழுதினேன்.

அன்றிலிருந்து வாரம் ஒரு கடிதம். கேள்விகள் நேராக இருக்கும். அட்டவணை வைத்துப் பக்கம் கட்டுவது தப்பு என்கிறீர்கள், நீங்கள் சொல்கிற ஸ்டைல் ஷீட் முறையில் கட்டினால் பழைய கணினியில் உடைகிறது, எங்கள் ஊரில் எல்லாம் பழைய கணினிதான், என்ன செய்வது? நான் தேடிப் படித்து அனுப்புவேன். அவள் செய்து பார்த்து, வேலை செய்ததா இல்லையா என்று எழுதுவாள். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். என் பத்தாண்டு அனுபவத்தில் அந்த ஓர் ஆண்டில்தான் தொழில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன் என்பதை அவளிடம் சொன்னதில்லை.

4

மறு ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. கனத்த குரல்.

"அமல் தம்பியா? நான் சவரிமுத்து. பாளையத்துல ஜெசிந்தாவோட அப்பா. ஒங்க அண்ணங்கிட்டதான் நம்பர் வாங்குனேன்."

"சொல்லுங்க ஐயா."

"இண்டர்நெட்டுல எழுதுறது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"அதக் கொஞ்சம் நிப்பாட்ட முடியுமா?"

சவரிமுத்து ஐயா திராட்சை விவசாயி. இரண்டு ஏக்கரில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வைத்திருந்தார். மகள் டீச்சர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு இணையதளக் கம்பெனி தொடங்கப் போவதாகச் சொல்கிறாள் என்றார். அந்த வேலைக்காக அவள் ஆறு ஆண்டுகள் காத்திருந்தாளாம். கம்பத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது, டீச்சர் என்றுதான் கேட்கிறார்கள் என்றார்.

"அவகிட்ட நான் கேட்டேன் தம்பி. ஆத்தா, தோத்துப்போனா என்ன செய்வன்னு. தோத்தாத்தாம்ப்பா கத்துக்கிடலாம், அண்ணன் எழுதிருக்காகங்கிறா. முப்பது வருசமா நான் மழைக்குத் தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பழம் கூடி வர்ற நேரத்துல ஒரு மழ அடிச்சா அம்புட்டும் வெடிச்சுப்போகும். வருசா வருசம் கத்துக்கிடுறேன். இன்னும் எம்புட்டுத்தான் கத்துக்கிடணும்?"

அவரே தொடர்ந்தார்.

"நீங்க எந்தக் கம்பெனி நடத்துறீக தம்பி?"

"நடத்தல ஐயா. வேலைல இருக்கேன்."

"நெரந்தர வேலையா?"

"ஆமாங்க ஐயா."

பிறகு, திட்டாமல், ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில் சொன்னார். "நான் சொன்னாக் கேக்க மாட்டா. மூஞ்சி குடுத்துப் பேசியே நாளாச்சு. நீங்க எழுதுனா நம்புவா. வேலைய விடாதன்னு ஒண்ணே ஒண்ணு எழுதிப் போடுங்க. அது போதும்."

அடுத்த நாள் ஞாயிறு. சரி, அப்படி ஒரு கட்டுரை இல்லாமலா போய்விடும் என்று தேடினேன். வேலையை விடு என்று சொல்கிற கட்டுரைகளே வந்துகொண்டிருந்தன. விடாதே என்று எழுதினால் யார் படிப்பார்கள்? மதியம் மூன்று மணிக்கு நானே எழுத ஆரம்பித்தேன். நிரந்தர வேலையை விடுவதற்கு முன் யோசிக்க வேண்டிய ஏழு விஷயங்கள் என்று தலைப்பு. ஜெர்மன் பொருளாதார இதழ் ஒன்றில் இந்த வாரம் வந்தது என்று, இதழுக்கு ஒரு பெயரையும் இட்டுக்கட்டி எழுதிவிட்டு, வாயில் வந்த ஒரு முகவரியைச் சுட்டியாகக் கீழே கொடுத்தேன். நாலு வரிக்குப் பதில் இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கையாக இருந்தது. ஏழாவது விஷயத்தை, "கனியும் நேரத்தில் மழை அடித்தால் பழம் வெடித்துவிடும் என்பதை மறக்கக் கூடாது" என்று முடித்திருந்தேன்.

5

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது.

"அண்ணே, லிங்க் வேலை செய்யவில்லை. உங்கள் பக்கத்தில் லிங்க் வேலை செய்யாமல் போவது இதுதான் முதல் தடவை. அந்த இதழின் பெயரைத் தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் இதழே இல்லை. ஏழாவது விஷயத்தில் பழம் வெடிக்கும் என்று இருக்கிறது. இதைச் சின்ன வயதிலிருந்தே வீட்டில் கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா பேசினார்களா?"

ஸ்டுட்கார்டைச் சுற்றி மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம்தான். ஜெர்மன்காரனும் அப்படி எழுதக்கூடியவன்தான் என்று வாதாடியிருக்கலாம். மூன்று நாள் அப்படி ஒரு கடிதத்தை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். நான்காம் நாள், "ஆமாம், பேசினார். கட்டுரை நான் எழுதியது. மன்னித்துவிடு" என்று மட்டும் அனுப்பினேன்.

பதில் இல்லை. வாரங்கள் போயின. ரீட்டாவிடம் நடந்ததைச் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"வேலைய விடுங்கன்னு எத்தன வருசமா எழுதுறீக?"

"நான் எழுதலையே. படிச்சதத்தான சொல்றேன்."

"படிச்சத நீங்க நம்புறீகளா இல்லையா?"

"ஓரளவு."

"அந்தப் புள்ள முழுசா நம்பிருச்சு. நீங்க மொத மொதலா சொந்தமா ஒண்ணு எழுதுனீக. அது பொய்." அவள் மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஜெசிந்தாவிடமிருந்து ஒற்றை வரி வந்தது. "ராஜினாமா கொடுத்துவிட்டேன். புதிய முகவரி கீழே." கீழே ஓர் இணையதள முகவரி. திறந்தேன். எளிய பக்கம். நொடியில் திறந்தது. எதுவும் சுற்றவில்லை. அந்தப் பக்கத்தில் குறை கண்டுபிடிக்க அரைமணி நேரம் முயன்றேன், கிடைக்கவில்லை.

கம்பத்துச் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். "ஒன்னாலதான்னு ஊர்ல பேசிக்கிறாக," என்றும் சொன்னார். சில வாரங்கள் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். பிறகு, வேறு எதைச் செய்வது என்று தெரியாததால், மறுபடி எழுத ஆரம்பித்தேன். வேலை, ராஜினாமா ஆகிய சொற்கள் வராத கட்டுரைகளாகத் தேர்ந்தெடுத்தேன்.

6

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, ஆலிஸைக் கூட்டிக்கொண்டு ஜெசிந்தாவின் அலுவலகத்துக்குப் போனேன். போகாமல் இருந்துவிடத்தான் பார்த்தேன். "போய்ட்டு வாங்க, கடிச்சு முழுங்கிருவாளா?" என்று ரீட்டாதான் தள்ளிவிட்டாள்.

பூச்சிமருந்துக் கடையின் மாடி. ஜெசிந்தாவோடு சேர்த்து நான்கு பெண்கள், நான்கு கணினிகள், மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி. நான் நுழைந்த நேரம் மின்வெட்டு. ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. ஜெசிந்தா போனில் யாருடனோ பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குமுளிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிறவராம், படம் அனுப்ப மாட்டேன் என்கிறாராம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இம்புட்டு ஒல்லியா இருப்பீகன்னு நெனைக்கவே இல்ல. எழுத்தப் பாத்தாப் பெரிய ஆள் மாதிரி தெரியும்."

மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. அவள் ஒவ்வொரு வேலையாகத் திறந்து காட்டினாள். விடுதிகள், ஒரு விதைக் கம்பெனி, தேனியில் ஒரு கல்லூரி.

"பரவால்லையா?" என்று கேட்டேன்.

"டீச்சர் வேலைய விடக் கம்மிதான். ஆனா எல்லாருக்கும் சம்பளம் போயிருது." சிரித்தாள். "வேண்டாம்னு சொல்லப் பழகுன்னு எழுதுனீகள்ல. மொத வருசம் ரெண்டு பேருக்குச் சொன்னேன். ரெண்டாவது வருசம் அந்த ரெண்டு பேரு வீட்டுக்கும் நானே போயி நின்னேன். ஏலக்காய்க் கடைக்காரரு போட்டோ இப்ப நல்லாச் சுத்துது."

ஒரு தளத்தில் ஏதோ சிக்கல் என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். இதே சிக்கலைப் பற்றி மூன்று நல்ல கட்டுரைகளுக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன். கால்மணி நேரம் உருட்டியும் பிடி கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, ஓர் அடைப்புக்குறியை மூடினாள். சரியாகிவிட்டது. ஆலிஸ் அதை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என் பக்கம் படிக்கிறியா?" என்று கேட்டேன். ஜெசிந்தா கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

"நேரமில்லண்ணே. தப்பா எடுத்துக்கிறாதீக."

அப்போது படியேறி வந்தவர், சாப்பாட்டுக் கூடையும் கையுமாக, சவரிமுத்து ஐயா. நான் எழுந்து நின்றேன். அவர் கூடையை வைத்துவிட்டு, ஆலிஸின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "வாங்க தம்பி, பஸ் ஏத்தி விடுறேன்," என்றார். திட்டப் போகிறார், அதற்குத்தான் தனியாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அனுமந்தன்பட்டி வழியாகப் போகும் பஸ் இன்னும் வரவில்லை. ஆலிஸுக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

"ஐயா, நான் எழுதுனது..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எழுதுன பொய்யத்தான சொல்றீக?" என்றார். "அதுக்கு முன்ன மூணு மாசமா எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்த இல்ல தம்பி. அத அவ படிச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்தா. எம்முன்னாடி உக்காந்தா. 'என்னய நிப்பாட்டுறதுக்கு ஜெர்மனி வரைக்கும் போயிருக்கீகளேப்பா'ன்னு சிரிக்கிறா. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் கேட்டா. 'மழைக்கு இம்புட்டுப் பயப்படுறீக, அப்ப எதுக்கு வருசா வருசம் கொடிய வெட்டிவிட்டுக் காத்திருக்கீக?'ன்னு. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டோம்."

"ராஜினாமா?"

"அவகூட ஸ்கூலுக்கு நானுந்தான் போனேன். தாளாளர் சாமியாரு எங்கிட்டக் கேட்டாக, ஒங்களுக்குச் சம்மதமான்னு. சம்மதமெல்லாம் இல்ல சாமி, கூட வந்துருக்கேன், அம்புட்டுத்தான்னேன்."

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. ஆலிஸை ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, நான் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"போன வாரம் எழுதிருந்தீகளே, எல்லாத்தையும் எங்கயோ இருக்குற மெசின்ல போட்டு வைக்கிறதப் பத்தி," என்றார் அவர். "அது சரியா வெளங்கல."

"நீங்க படிக்கிறீகளா ஐயா?"

"திங்கக்கெழம சோறு கொண்டு வர்றப்ப ஒரு பிள்ள தெறந்து குடுக்கும். மறுபடி யாருக்கும் என்னத்தையும் எழுதிப்புடுவீகளோன்னு ஒரு கண்ணு வச்சிருந்தேன். அப்பிடியே பழகிப்போச்சு." நடத்துனர் விசில் கொடுத்தார். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "வெளங்குற மாதிரி எழுதுங்க தம்பி. இங்கன இப்ப நான் ஒருத்தந்தான் படிக்கிறேன்."